காற்றாலைப் பண்ணையும் பறவைப் பாதுகாப்பும்: தேம்ஸ் கழிமுகத்தின் அனுபவம்

காற்றின் வேகத்தைக் கொண்டு மின்சார சக்தி உண்டாக்கும் தொழில் உலகின் பல தேசங்களிலும் விருத்தியடைந்து வருகிறது. இதற்கு நிலக்கரியை வெட்டியெடுக்க வேண்டுவதில்லை. புகையும் சாம்பலும் இல்லை. ஆலையைச் சுற்றியுள்ள நிலத்திற் பயிரிடுவதற்கோ கால்நடை மேய்ப்பதற்கோ பெரும்பாலும் தடையும் இல்லை. இக்காரணங்களால் நிலமுடையோர் பலர் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியைக் காற்றாலைக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டுப் பயனடைகின்றனர். ஆயினும், பெரிய அளவில் காற்றாலைகளை நிறுவ முற்படும் இடங்களிலெல்லாம் ஒரு கேள்வி எழாமலிருப்பதில்லை. அவ்விடத்தை அண்டி வாழும் பறவைகளுக்கும் பிற ஜீவன்களுக்கும் என்ன நேரும் என்பதே அக்கேள்வி.

இக்கேள்வியை எழுப்புவோர் தொழில் விருத்திக்கு விரோதிகள் என்னும் எண்ணம் பலரிடம் காணப்படுகிறது. வழக்கும் வியாஜ்ஜியமும் மூண்டு, காலமும் பொருளும் விரயமான இடங்கள் இல்லாமலில்லை. ஆனால், ஆட்சேபத்தை ஆரம்பத்திலேயே கேட்டு, அதிலுள்ள உண்மையை ஆராய்ந்து, கண்ட முடிவை அனுமதிப் பத்திரத்தில் நிபந்தனையாக எழுதிக்கொண்டால், ஆட்சேபித்தவரே ஆதரவாளராவதும் உண்டு. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், தேம்ஸ் நதியின் கழிமுகக் கடலில் நிறுவப்பட்டுள்ள ‘லண்டன் அர்ரே’ என்னும் காற்றாலைப் பண்ணையின் வரலாறு இதற்குத் தக்க உதாரணமாகும். அது கடலில் அமைந்ததாயினும், அதனாற் பெறப்படும் படிப்பினை நிலத்துக்கும் பொருந்துவதே.

முன்யோசனையின்மையால் விளைந்த தீங்கு

முதற்கண், பறவைகளைப் பற்றி யோசியாது காற்றாலை நிறுவியதனால் வேறோரிடத்தில் நேர்ந்ததை அறிந்துகொள்வது நலம். அமெரிக்காவிற் கலிபோர்னியா ராஜ்யத்தில், ஸான் பிரான்ஸிஸ்கோ நகருக்குக் கிழக்கே ஆல்டமாண்ட் கணவாய் என்றோர் இடம் உண்டு. அங்குள்ள புல் மூடிய குன்றுகள் மாடு வளர்ப்போரின் மேய்ச்சல் நிலங்கள். 1981-ம் வருஷம் முதலாக அக்குன்றுகளின்மேல் சிறு காற்றாலைகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. ஒரு காலத்தில் அவற்றின் தொகை ஐயாயிரத்துக்கும் மேற்பட்டிருந்தது. நிலமுடையோருக்கு மேய்ச்சலோடு குத்தகை வருமானமும் கிடைத்தது. ஆனால் அக்குன்றுகள் பொற்கழுகுகள் இரை தேடும் இடமுமாகும். 2004-ம் வருஷத்தில் அந்த ராஜ்யத்து எரிசக்திக் கமிஷன் வெளியிட்ட ஆராய்ச்சி அறிக்கை, ஆண்டொன்றுக்கு 75 முதல் 116 பொற்கழுகுகள் வரை ஆலைகளின் இறக்கைகளில் அடிபட்டு மாள்வதாக மதிப்பிட்டது. பருந்து, வல்லூறு, ஆந்தை முதலிய பறவைகளும் நூற்றுக்கணக்கில் மடிந்தன.

இதற்கு ஆலைகள் மாத்திரமன்றி நிலத்தின் நிலைமையும் காரணமாயிருந்தது என்பது விவசாயிகள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஆலை நிறுவுவதற்காக வெட்டிய மண்ணிலும் ஒதுக்கிக் குவித்த கற்களிலும், வளை தோண்டி வாழும் அணில் இனமும் எலி இனமும் குடியேறின. மாடுகள் ஆலையின் அடியிற் கூடி நின்றன. அவற்றின் சாணத்தை நாடி வெட்டுக்கிளிகள் வந்தன. எலியையும் வெட்டுக்கிளியையும் நாடிப் பறவைகள் வந்தன. இறக்கைகள் சுழலும் இடத்திலேயே பறவைகளுக்கு இரை மிகுந்து கிடந்தபடியால், சாவும் அங்கேயே மிகுந்தது.

அங்குள்ள பறவைச் சங்கங்கள் நியாயஸ்தலத்தை நாடின. காற்றாலை வேண்டாம் என்பது அவற்றின் வாதமன்று. பறவைகளுக்கு நேரும் சேதத்தைக் குறைக்க வேண்டும் என்பதே. 2007-ம் வருஷத்தில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. 2010-ம் வருஷத்தில் ஏற்பட்ட மற்றோர் உடன்படிக்கையின்படி, பழைய சிறு ஆலைகளை அகற்றி, அவற்றினிடத்தில் தொகையிற் குறைந்த பெரிய ஆலைகளை நிறுவ ஏற்பாடாயிற்று. ஒரு பகுதியில் 775 பழைய ஆலைகள் நின்ற இடத்தில் 48 புதிய ஆலைகளே போதியனவாயின. ஆயினும் கழுகுகளின் சாவு அதனால் முற்றும் நின்றுவிடவில்லை. முதலிற் பிழைபட்ட இடத்தேர்வைக் கால் நூற்றாண்டு கழித்துத் திருத்துவது எவ்வளவு அரிது என்பதற்கு இதுவே சான்று.

தேம்ஸ் கழிமுகத்துத் திட்டம்

இனி இங்கிலாந்தின் விஷயத்தைக் காண்போம். தேம்ஸ் நதி கடலிற் கலக்குமிடத்துக்கு அப்பால், கெண்ட், எஸ்ஸெக்ஸ் என்னும் இரு ஜில்லாக்களின் கரைகளிலிருந்து சுமார் 12 மைல் தூரத்தில், லாங் ஸாண்ட், கெண்டிஷ் நாக் என்னும் மணல் திட்டுகள் கடலடியில் நீண்டு கிடக்கின்றன. அங்கே நீரின் ஆழம் குறைவு. மிக ஆழமான இடத்திலும் 80 அடியளவே இருக்கும். காற்றோ கரையிலுள்ளதைக் காட்டிலும் வலிமையாயும் தடையின்றியும் வீசுகிறது. மின்சாரம் மிகுதியாகச் செலவாகும் லண்டன் மாநகரமும் அருகில் உள்ளது. ஆழமின்மை, காற்று, சந்தை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இவ்விடத்தை, 2001-ம் வருஷத்தில் நடத்தப்பட்ட ஆராய்ச்சிகளின் பின்னர், காற்றாலைக்குத் தகுதியானதென்று கண்டனர். கடலடி நிலத்தை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட் என்னும் ஸ்தாபனத்தார் 2003-ம் வருஷத்தில் அதனை 50 வருஷக் குத்தகைக்கு அளித்தனர்.

மொத்தம் 1,000 மெகாவாட்டு வரை சக்தி தரத்தக்க ஆலைகளை அங்கு நிறுவுவதென்பது ஆதித் திட்டம். அத்திட்டம் நிறைவேறினால், கடலிலமைந்த காற்றாலைப் பண்ணைகளுள் உலகிலேயே அதுதான் மிகப் பெரியதாயிருக்கும். ஆனால் அக்கடல் வெறுமையாகக் கிடக்கவில்லை. குளிர்காலத்தில் அதனைத் தன் மேய்ச்சல் நிலமாகக் கொண்ட பறவையொன்று இருந்தது.

செங்கழுத்து மூழ்கிப் பறவை

ஆங்கிலேயர் ‘ரெட்-த்ரோட்டெட் டைவர்’ என வழங்கும் இப்பறவையைத் தமிழிற் செங்கழுத்து மூழ்கிப் பறவை எனலாம். ஸ்காட்லாந்தின் வடபகுதி, நார்வே, வடதுருவத்தை அடுத்த நாடுகள் ஆகியவற்றிலுள்ள சிறு ஏரிக் கரைகளில் இது கோடைகாலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். அக்காலத்தில் மாத்திரமே அதன் கழுத்திற் செந்நிறம் தோன்றும். குளிர்காலம் வந்ததும் தெற்கே வந்து, ஆழம் குறைந்த கடலில் மூழ்கிச் சிறு மீன்களைப் பிடித்துத் தின்று காலங்கழிக்கும். இதன் கால்கள் உடலின் பின்புறத்தில் அமைந்திருப்பதால் நிலத்தில் நன்றாக நடக்க மாட்டாது. சிறகு உதிர்ந்து புதிதாய் முளைக்கும் சில வாரங்களிற் பறக்கவும் இயலாது. ஆகவே இதற்கு நீரே கதி.

இது மிகுந்த அச்சமுடைய பறவை. கப்பல் வருவதைக் கண்டால் நெடுந்தூரத்திலிருக்கும்போதே எழுந்து பறந்துவிடும். ஆதலால் கரையிலிருந்தோ படகிலிருந்தோ இதனைக் கணக்கெடுப்பது கடினம். பிரிட்டன் தேசத்துக் கடல்களிற் குளிர்காலத்தில் சுமார் 4,850 பறவைகளே தங்குவதாக முன்னர்க் கருதப்பட்டது. பின்னர் தாழப் பறக்கும் விமானங்களிலிருந்து கணக்கெடுத்தபோதுதான், அத்தொகை 17,000-ஐ எட்டும் என்பதும், அவற்றுள் 6,466 பறவைகள், அதாவது மூன்றிலொரு பங்குக்கும் மேலானவை, தேம்ஸ் கழிமுகத்துக்கு வெளியிலுள்ள கடலிலேயே தங்குகின்றன என்பதும் தெரியவந்தன. காற்றாலைக்கு இடம் தேடியதையொட்டி நடந்த விமானக் கணக்கெடுப்புகள் இவ்வறிவுக்குப் பெரிதும் உதவின என்பது குறிப்பிடத்தக்கது. திட்டம் ஏற்பட்டிராவிடில் அங்கு இத்தனை பறவைகள் உள்ளன என்பதே வெளிப்படாமற் போயிருக்கக் கூடும்.

இப்பறவைக்குக் காற்றாலையால் நேரும் தீங்கு, ஆல்டமாண்ட் கழுகுகளுக்கு நேர்ந்தது போன்றதன்று. இது நீர் மட்டத்தையொட்டித் தாழப் பறப்பதாதலால் இறக்கைகளில் அடிபடுவது அரிது. ஆனால் ஆலைகள் நிற்கும் இடத்தை இது அணுகாது விலகிச் செல்லும். ஓர் ஊரின் மேய்ச்சல் புறம்போக்கைச் சுற்றி வேலியிட்டு அடைத்தால், ஒரு மாடேனும் உடனே சாவதில்லை. ஆயினும் தீனி குறைந்து மந்தை நாளடைவில் மெலியும். அது போலவே, மணல் திட்டுகளின்மேல் ஆலைகள் நிறைந்துவிட்டால் பறவைகள் தங்கள் மேய்ச்சலை இழந்து, ஏற்கெனவே நெருக்கமான வேறிடங்களிற் போய்ப் போட்டியிட வேண்டிவரும். சாவு கண்ணுக்குத் தெரியாததால் தீங்கு இல்லையென்று கருதிவிடலாகாது.

ஆட்சேபம் ஆதரவாக மாறிய விதம்

பறவைகளைப் பாதுகாக்கும் ராயல் சங்கம் 1889-ம் வருஷத்தில் தோன்றியது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர்களைக் கொண்டது. இச்சங்கம் முதலில் தேம்ஸ் கழிமுகத்துத் திட்டத்தை ஆட்சேபித்தது. ஆயினும் காற்றாலைத் தொழிலையே வெறுப்பது அதன் கொள்கையன்று. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதனாற் பூமியின் வெப்பம் ஏறி, அதனாற் பறவை இனங்களுக்குப் பெருங்கேடு சூழும் என்பதை அச்சங்கமே எடுத்துரைத்து வந்தது. ஆகவே, ‘காற்றாலை வேண்டும், ஆனால் தக்க இடத்தில், தக்க அளவில் வேண்டும்’ என்பதே அதன் நிலையாயிருந்தது.

அக்காலத்தில் இங்கிலாந்தைக் கட்டுப்படுத்திய ஐரோப்பியச் சட்டங்களும் இதற்குத் துணையாயிருந்தன. 1979-ம் வருஷத்துப் பறவைகள் கட்டளையின்படியும், 1992-ம் வருஷத்து வாழிடங்கள் கட்டளையின்படியும், பாதுகாக்கப்பட்ட இடத்தின் தன்மைக்கு ஒரு திட்டத்தாற் கெடுதி நேராது என்பது ஆராய்ந்து தெளியப்பட்ட பின்னரே சாதாரணமாக அனுமதி வழங்கலாம். பறவை வாழுமிடத்தைக் காப்போர் கெடுதியை நிரூபிக்க வேண்டும் என்பதில்லை. கெடுதி இல்லையென்று காட்டும் பொறுப்பு திட்டத்தாரைச் சேர்ந்தது.

கம்பெனியாரும் சங்கத்தாரும் அரசாங்கத்தின் இயற்கைப் பாதுகாப்பு ஆலோசகர்களும் கலந்து யோசித்ததன் பயனாக ஒரு வழி பிறந்தது. திட்டம் இரண்டு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. முதற் கட்டத்தில் 175 ஆலைகளுக்கு மேற்படாமல் நிறுவிக்கொள்ளலாம். அவை இயங்கத் தொடங்கிய பின், மூழ்கிப் பறவைகளின் நிலையைக் கணக்கெடுத்து, மேலும் ஆலைகள் நிறுவினாலும் அவற்றுக்குத் தீங்கு நேராது என்று தக்க சான்றுகளாற் காட்டினால் மாத்திரமே இரண்டாங் கட்டத்தைத் தொடங்கலாம். இந்நிபந்தனை ஏற்றுக்கொள்ளப்பட்டதும் ராயல் சங்கம் தன் ஆட்சேபத்தை விலக்கிக்கொண்டது. ‘பூமியின் நண்பர்கள்’, ‘கிரீன்பீஸ்’ என்னும் சங்கங்களும் திட்டத்தை ஆதரித்தன. 2006-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அரசாங்கத்தார் அனுமதி அளித்தனர்.

இத்தகைய நிபந்தனையை அந்நாட்டுச் சட்ட வழக்கில் ‘கிராம்பியன் நிபந்தனை’ என்பர்; 1984-ம் வருஷத்து வழக்கொன்றினால் வந்த பெயர் அது. குறித்த காரியம் நிறைவேறும்வரை அடுத்த வேலையைத் தொடங்கலாகாது என்பது அதன் சாரம். ‘வேலை முடிந்தபின் பரிகாரம் செய்வோம்’ என்னும் வாக்குறுதிக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை உண்டு. வேலை முடிந்துவிட்டால் வாக்குறுதியை நினைவூட்டுவோரும் குறைவர், கேட்போரும் குறைவர். வேலையையே நிபந்தனையோடு பிணைத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை.

கிராமத்திலிருந்து எழுந்த தடை

பறவைகளின் விஷயம் இவ்வாறு தீர்ந்துவரும் சமயத்தில், எதிர்பாராத தடை கரையிலிருந்து வந்தது. கடலில் உண்டாகும் மின்சாரத்தைக் கம்பிவடங்களின் வழியே கரைக்குக் கொணர்ந்து, தேச முழுவதற்கும் பொதுவான மின்தொடரிற் சேர்க்க வேண்டும். இதற்கென, கெண்ட் ஜில்லாவிற் கிரேவ்னி என்னும் சிற்றூருக்கு அருகில், கிளீவ் ஹில் என்னுமிடத்தில் ஒரு துணை மின்நிலையம் கட்டத் தீர்மானித்தனர். அவ்விடம் கடலையொட்டிய சதுப்பு நிலமும் மேய்ச்சலும் உள்ள அமைதியான பகுதி. அவ்வளவு பெரிய கட்டடத்தின் தோற்றம் நாட்டுப்புறத்துக்கு ஒவ்வாதென்றும், குறுகிய கிராமச் சாலைகளிற் கட்டுமான வண்டிகள் நெருக்கமாகப் போய்வருவது தொல்லையென்றும் ஊரார் கவலைப்பட்டனர். ஸ்வேல் நகராட்சி மன்றத்தார் 2006-ம் வருஷத்தில் அனுமதி மறுத்தனர். பகிரங்க விசாரணை நடந்த பிறகு, 2007-ம் வருஷத்திலேயே அனுமதி கிடைத்தது.

இதிற் கிராம அதிகாரிகள் அறியவேண்டியது ஒன்றுண்டு. பெரிய திட்டங்களில் வல்லுநரின் கவனம் பெரிய விஷயங்களிலேயே செல்லும். சாலை, பாலம், வாய்க்கால், வண்டிப் போக்கு ஆகியவை சிறியனவாகத் தோன்றும். ஆனால் அவற்றோடு தினமும் வாழ்வோர் கிராமத்தாரே. பறவைகளுக்காகப் பேச ஒரு பெரிய சங்கம் முன்வந்தது. அதன் குறை முதலிலேயே கேட்கப்பட்டது. சாலைக்காகப் பேசியவர்களின் குறை விசாரணை மூலமாகவே தீர வேண்டியதாயிற்று.

நிறுவிய விவரம்

இதற்கிடையே கூட்டாளிகளுள் ஒருவராயிருந்த ஷெல் எண்ணெய்க் கம்பெனியார் 2008-ம் வருஷத்தில் விலகினர். அவ்வருஷத்திலேயே அபுதாபியைச் சேர்ந்த மஸ்தார் கம்பெனியார் சேர்ந்தனர். டென்மார்க்குத் தேசத்து டாங் கம்பெனியும், ஜெர்மனி தேசத்து இ.ஆன் கம்பெனியும் மற்றைக் கூட்டாளிகள். கரையில் 2009-ம் வருஷத்திலும், கடலில் 2011-ம் வருஷம் மார்ச்சு மாதத்திலும் வேலை தொடங்கிற்று. சுமார் 39 சதுர மைல் பரப்பில் 175 ஆலைகள் நிறுவப்பட்டன. ஒவ்வோர் ஆலையும் 3.6 மெகாவாட்டு சக்தி தருவது; இறக்கைகள் சுழலும் வட்டத்தின் குறுக்களவு சுமார் 394 அடி; இறக்கை மேல்நோக்கி நிற்கையில் அதன் நுனி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 480 அடி உயரத்திலிருக்கும். ஆலையைத் தாங்குவதற்குப் பெரிய இரும்புக் குழாய்கள் கடலடி மணலில் அறையப்பட்டன. ஆலைகளிலிருந்து வரும் மின்சாரத்தை ஒன்றுசேர்த்து அழுத்தம் ஏற்றக் கடலிலேயே இரண்டு துணை நிலையங்கள் அமைந்தன. அங்கிருந்து, ஒவ்வொன்றும் 30 மைலுக்கு மேல் நீளமுள்ள நான்கு கம்பிவடங்கள் கிளீவ் ஹில்லுக்கு வருகின்றன.

மொத்தச் செலவு 150 கோடி பவுனுக்கு மேலாயிற்று. 2013-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் 175 ஆலைகளும் இயங்கலாயின. அவ்வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி பிரதம மந்திரி டேவிட் காமரன் பண்ணையைத் திறந்துவைத்தார். 630 மெகாவாட்டு சக்தியுடைய இப்பண்ணை, 2018-ம் வருஷம் வரையில் கடற் காற்றாலைப் பண்ணைகளுள் உலகிலேயே மிகப் பெரியதாயிருந்தது. 2015-ம் வருஷத்தில் மாத்திரம் ஏறத்தாழ 250 கோடி யூனிட் மின்சாரம் உற்பத்தி செய்தது.

இரண்டாங் கட்டம் கைவிடப்பட்டமை

நிபந்தனையின் உண்மையான சோதனை அதன் பின்னரே வந்தது. இரண்டாங் கட்டத்துக்கான ஆலைகளைத் தொடங்க வேண்டுமானால், மூழ்கிப் பறவைகளைப் பற்றிய சான்றுகளைச் சமர்ப்பிக்க வேண்டும். போதிய கணக்கெடுப்பு முடிவதற்கு 2017-ம் வருஷம் ஜனவரி மாதம் வரை செல்லுமென்று தெரிந்தது. அவ்வளவு காலம் காத்திருந்த பின்னும் அனுமதி நிச்சயமில்லை. ஆகவே, 2014-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், இரண்டாங் கட்டத்தைக் கைவிடுவதாகக் கம்பெனியார் அறிவித்தனர். 1,000 மெகாவாட்டு எண்ணியிருந்த இடத்தில் 630 மெகாவாட்டோடு திட்டம் நின்றது.

இதனைத் தோல்வி என்று கூறுவோரும் உண்டு. இழந்த சக்தி சிறிதன்று. புகையற்ற மின்சாரம் மிகுதியாக வேண்டப்படும் காலத்தில் அதனைப் பொருட்படுத்தாமல் விடவும் இயலாது. ஆனால் மறுபுறத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முழுத் திட்டத்தையும் ஒரே முறையில் வற்புறுத்தியிருந்தால், சங்கத்தின் ஆட்சேபம் நீங்கியிராது. விசாரணையும் வழக்கும் நீண்டு, முதற் கட்டமே எழாமற் போயிருக்கக் கூடும். நிபந்தனைக்கு உட்பட்டதனால் 630 மெகாவாட்டு உறுதியாகக் கிடைத்தது. மேலும், எழுதிய நிபந்தனை நஷ்டம் வரும் சமயத்திலும் மதிக்கப்பட்டது. நஷ்டம் நேரும்போது மீறப்படும் உடன்படிக்கையை நம்பி அடுத்த முறை எவரும் ஆதரவளிக்க மாட்டார்.

பிற்கால ஆராய்ச்சிகளும் அந்த எச்சரிக்கை வீணன்று என்பதைக் காட்டின. வடகடலின் ஜெர்மனிப் பகுதியில் நடந்து 2019-ம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சியில், மூழ்கிப் பறவைகள் காற்றாலைப் பண்ணைகளிலிருந்து 6 மைலுக்கும் அப்பாற் கூட விலகுவது தெரியவந்தது. முன்னர் எதிர்பார்த்த தூரத்திலும் இது மிக அதிகம். தேம்ஸ் கழிமுகக் கடலில் 2018-ம் வருஷத்துக் கணக்கெடுப்பில் 20,000-க்கு மேற்பட்ட பறவைகள் காணப்பட்டன. ஆனால் பழைய முறைக்கு மாறாக, விமானத்திற் பொருத்திய நுட்பமான காமிராக்களால் எடுத்த கணக்கு அது. ஆதலால் இரு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பறவைகள் பெருகிவிட்டன என்று முடிவு கட்டலாகாது. ஆலைகளுக்கு முன்னும் பின்னும் ஒரே முறையில் கணக்கெடுத்தாலன்றி உண்மை விளங்காது என்பதும் இதனால் அறியத்தக்கது.

நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் 1986-ம் வருஷத்தில் தூத்துக்குடிப் பகுதியில் காற்றாலைகள் தோன்றின. பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாய், பாலக்காட்டுக் கணவாய் ஆகியவற்றின் காற்று வீசும் பகுதிகளிலும் பரவின. திருநெல்வேலிச் சீமையில் காற்றாலைகளும் உண்டு. பறவைகளை ஊராரே விருந்தினராகக் கருதிப் பேணும் கூந்தன்குளமும் உண்டு. ஆகவே மேற்கூறிய வரலாற்றிலிருந்து பின்வரும் விஷயங்களை மனத்திற் கொள்வது பயன் தரும்.

(1) குத்தகைப் பத்திரத்திற் கையொப்பமிடுமுன், அவ்விடத்துக்கு வரும் பறவைகளை எல்லாப் பருவங்களிலும் கணக்கெடுத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். ஐப்பசி முதல் பங்குனி வரை மாத்திரம் தங்கும் பறவை, ஆடி மாதத்துக் கணக்கில் அகப்படாது. ஏரி, குளம், குன்றின் விளிம்பு, கணவாய் ஆகிய இடங்களில் இது மிகவும் அவசியம்.

(2) அடிபடுவதையே தீங்கென்று எண்ணலாகாது. கூடு கட்டும் இடத்தையும் இரை தேடும் இடத்தையும் விட்டுப் பறவைகள் விலகிப் போவதும் தீங்கே. இதனை ஊரிலுள்ள முதியோரும் ஆடு மாடு மேய்ப்போரும் நன்கறிவர். அவர்களுடைய சொல்லையும் கேட்பது தக்கது.

(3) ஆலையின் அடியைச் சுற்றிக் கற்குவியலும் குப்பையும் செத்த கால்நடையும் கிடக்கலாகாது. அவை எலியையும், எலி பருந்தையும், செத்த கால்நடை கழுகையும் இழுக்கும். இது நிலமுடையோர் தாமே செலவின்றிச் செய்யத்தக்க பாதுகாப்பு.

(4) பெரிய திட்டமாயின் கட்டங்களாகப் பிரித்து, முதற் கட்டத்தின் பலனைக் கண்டபின் அடுத்ததைத் தொடங்கும்படி நிபந்தனை எழுதுவது நல்லது. நிபந்தனையில் எதை, எக்காலத்தில், எம்முறையிற் கணக்கெடுப்பது என்பது தெளிவாயிருக்க வேண்டும்.

(5) சாலை, வாய்க்கால், கண்மாய்க் கரை, வண்டிப்பாதை ஆகியவற்றுக்கு நேரும் சேதத்தை யார் சீர்ப்படுத்துவது என்பதையும், ஆலை பழுதாகி ஆயுள் முடிந்தபின் அதனையும் அடித்தளத்தையும் யார் அகற்றுவது என்பதையும் பத்திரத்திற் சேர்க்க வேண்டும். இவற்றை வாய்ச்சொல்லாக விடலாகாது.

(6) பறவைச் சங்கத்தாரோ இயற்கை ஆராய்ச்சியாளரோ கேள்வி எழுப்பினால், அவர்களை முதற் கூட்டத்திற்கே அழைப்பது உத்தமம். அவர்கள் கையிலுள்ள கணக்குகள் திட்டத்தார் பணம் கொடுத்தும் எளிதிற் பெறவியலாதவை.

முடிவாக, காற்றும் பறவையும் ஒரே வானத்தைச் சேர்ந்தவை. தேம்ஸ் கழிமுகத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துப் பெரும்பங்கைப் பெற்றனர். ஆல்டமாண்ட் கணவாயில் எதையும் விட்டுக்கொடாது தொடங்கி, இருபத்தைந்து வருஷங்களுக்குப் பின் ஆலைகளையே பிடுங்கி மாற்ற நேர்ந்தது. நிலத்தைக் குத்தகைக்கு விடுவோரும், அதற்கு அனுமதி வழங்குவோரும், இவ்விரண்டையும் ஒப்பிட்டுத் தங்களுக்கு ஏற்றதைத் தெரிந்துகொள்வார்களாக.